முதல் தட்டும் ஒன்றாம் நம்பர் தூசியும்

தட்டாம்பாறையில் கல்லுடைக்கிற கிரஷர் ஓடிய காலமெல்லாம் தூசி மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது, சோற்றில் விழுந்தது, காயப்போட்ட துணியில் விழுந்தது, தூங்குகிறவன் வாயில் விழுந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு ஐப்பசி மாதத்துக் காலையில் ஊர் எழுந்து பார்த்தபோது, விழ வேண்டிய தூசியெல்லாம் விழுந்து முடிந்திருக்க, ஆளுக்கு ஒரு தூசி மட்டும் விழாமல், அவரவர் இடது காதுக்கு ஒரு சாண் மேலே நின்றுகொண்டிருந்தது. கடுகை நாலாக உடைத்தால் அதில் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. நடந்தால் கூட நடந்தது, உட்கார்ந்தால் கூட இறங்கிப் பக்கத்தில் நின்றது, படுத்தால் தலையணையின் ஓரத்துக்கு வந்தது. மின்விசிறி அதை அசைக்கவில்லை, மழை அதை நனைக்கவில்லை, கையால் தட்டினால் கை அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது.

முதல் நாள் எல்லோரும் பாறைக்காத்த அம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டார்கள். மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். அதற்கு மறுநாள் ஆடு மேய்க்கிறவன் ஆடு மேய்க்கப் போனான், நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், தூசியும் கூடப் போனது. சவரக்கடை மாரி, இடது பக்கம் வெட்டும்போது மட்டும் கொஞ்சம் கழுத்தைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னான், தேவையில்லை என்று தெரிந்தும் சொன்னான். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தூசியைப் பார்த்தார்கள், ஆடாமல் நின்றால் பொறுமைசாலி, அல்லாடினால் வாயாடி என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதை விட்டுவிட்டார்கள், குதிருக்குப் பின்னால் எவ்வளவு குனிந்து உட்கார்ந்தாலும் தூசி மேலே நின்று காட்டிக்கொடுத்தது. ஊர் எல்லையைத் தாண்டித் தூசி வராது. மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்களின் தூசி நிழற்குடையிலேயே நின்றுகொள்ளும், சாயங்காலம் அவர்கள் இறங்கியதும் வந்து ஒட்டிக்கொள்ளும். டவுன் பஸ் கண்டக்டர், "ஏறுனவுக டிக்கெட் எடுங்க, ஏறாதவுக வெயில்ல நிக்காம ஓரமா நில்லுங்க" என்று தினமும் அதே கேலியைச் செய்தான், தினமும் யாராவது சிரித்தார்கள்.

லாரி டிரைவர் ஒண்டிவீரன் செத்தபோதுதான் ஊர் கொஞ்சம் பயந்தது. நன்றாக இருந்த ஆள், ஒருநாள் காலையில் கட்டிலில் கிடந்தான், அவன் தூசி தரையில் கிடந்தது, மற்ற தூசியோடு தூசியாக. அது என்றைக்கிலிருந்து இறங்க ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நெல்மணி கனம் இறங்குகிற ஒன்றை, கூடவே இருக்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள். அவன் பெண்டாட்டி, "காதுக்கிட்ட நின்னப்பக்கூட நான் குளிருக்கு இறங்கியிருக்குன்னுல்ல நினைச்சேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் ஒருவர் தூசியை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று.

வெள்ளைக்கண்ணு மட்டும் உற்றுப் பார்ப்பதை விடவில்லை, ஏனென்றால் அவர் எதையுமே விடுகிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பில் தன்னை வெயிலில் முட்டிபோட வைத்த வாத்தியாரை, வாத்தியார் செத்துப் பல காலம் ஆன பிறகும் அவர் விடவில்லை. கல்யாணப் பந்தியில் தனக்கு அப்பளம் வைக்காமல் போனவனை விடவில்லை. கிரஷர் எடைமேடையில் லாரி நம்பரையும் எடையையும் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தலை நரைத்த மனிதர், தன்னைப் பார்த்து ஹாரன் அடித்த லாரிகளின் நம்பர் இன்னமும் அவருக்கு மனப்பாடம். ஆனால் இதெல்லாம் சில்லறை. அவருடைய பெரிய வரவு, பக்கத்து வீட்டுக் காத்தமுத்து.

காத்தமுத்து அவருடைய பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாசிப் படைப்பில் அம்மனுக்குப் படைத்த தேங்காய்மூடி, பழம், திருநீறு வைத்த முதல் தட்டு, பங்காளிகள் மூன்று வீட்டுக்கும் முறை வைத்து வர வேண்டும், ஒரு வருசம் காத்தமுத்துவின் மேலவீடு, ஒரு வருசம் இவருடைய நடுவீடு, ஒரு வருசம் கீழவீடு. அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. மேலவீட்டின் முறை வந்த வருசம் காத்தமுத்துவின் அப்பா செத்துப்போனதால் அந்த வீட்டுக்குத் தீட்டு, தட்டு யாருக்கும் போகவில்லை. மறுவருசம் நடுவீட்டு முறை, வெள்ளைக்கண்ணு புது வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றார். தட்டு வந்தது. காத்தமுத்து கையை நீட்டினார், "போன வருசம் விட்டுப்போச்சில்ல" என்றார், பூசாரி கொடுத்துவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்கடுத்த வருசமும் நீட்டினார், "மூத்த வீடு" என்றார். அதற்கடுத்த வருசம் எதுவும் சொல்லாமலே நீட்டினார். கீழவீட்டுத் தவசி, டீக்கடை வைத்திருப்பவன், மூன்றாவது பங்காளி, அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வாயைத் திறக்காமல் நின்றான். வெள்ளைக்கண்ணு அன்றைக்குக் காத்தமுத்தோடு பேச்சை நிறுத்தினவர்தான். பிள்ளைகள் பிறந்து, கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி வந்தும் நிறுத்தினது நிறுத்தினதுதான். காத்தமுத்துக்கு ஆண் பிள்ளை கிடையாது. அவருக்குப் பிறகு வயதில் மூத்தவர் வெள்ளைக்கண்ணு, அப்போது யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் காத்தமுத்து திடகாத்திரமான ஆள், அப்படியெல்லாம் சீக்கிரம் வழிவிடுகிற மாதிரி தெரியவில்லை.

தூசி நின்றதும் கோட்டாட்சியர் வந்து பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியும்வரை கிரஷரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதைத் தெரிந்துகொள்ள மதுரையிலிருந்து ஒரு கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். மற்றவர்கள் வந்து வந்து போனார்கள், நிலோஃபர் என்ற பெண் மட்டும் பஞ்சாயத்து டிவி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தங்கிவிட்டாள். தெருவுக்குத் தெரு கேமரா கட்டினாள். காலையில் கொஞ்ச நேரம் அவரவர் வாசலில் அசையாமல் நிற்கச் சொன்னாள். ஜனங்கள் பல் விளக்கிக்கொண்டே நின்றார்கள். கேமரா படம் படமாக எடுத்தது, ஒவ்வொரு படத்திலும் தூசிகள் புள்ளி புள்ளியாக இருந்தன. அந்தப் புள்ளிகளை ஒரு ஃபைலாக எழுதி இன்னொரு சாப்ட்வேருக்குள் விட்டால், அது புள்ளிகளைக் கோர்த்து, எந்தத் தூசி எந்த வழியாகப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டும் என்றாள்.

ஆனால் கேமராவுக்கு எல்லாப் புள்ளியும் ஒன்று. எது யாருடையது என்று ஊர்க்காரர்தான் சொல்ல முடியும், கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகிய ஊர்க்காரர் வெள்ளைக்கண்ணு ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"ஒரு வரிக்கு நாலே நாலுதாங்கய்யா" என்றாள் நிலோஃபர். "மொதல்ல தூசியோட நம்பர். அப்புறம் நேரம். அப்புறம் பக்கவாட்டுல எவ்வளவு தூரம். கடைசியா எவ்வளவு உயரம். நடுவுல கமா. பேரு எழுதக் கூடாது, தமிழ் எழுத்து வந்தா அது படிக்காது. தலைப்பு ஒரே ஒரு வரி. காலி வரி விடக் கூடாது. நேரம் முன்னபின்ன வரக் கூடாது."

"விட்டா?"

"சிவப்பா ஒரு கட்டம் வரும். உள்ள விடாது."

"நம்ம பூசாரிக்கு மேல ஆசாரம் பாக்குதே" என்றார் வெள்ளைக்கண்ணு. எடைமேடை கம்ப்யூட்டர் இப்படியெல்லாம் கேட்டதில்லை. ஆனால் கோயிலில் எது முதலில், எது பின்னால், எது எதைத் தொடக் கூடாது என்று பார்த்துப் பழகினவருக்கு இது பிடிபட்டது. ஒரு விசயம்தான் அவர் மனதில் நின்றது, ஒவ்வொரு தூசிக்கும் ஒரு நம்பர். அப்படியென்றால் ஒன்று என்று ஒரு நம்பர் உண்டு.

அவர் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டார். காத்தமுத்துக்குக் கடைசி நம்பர் போட்டார், காத்தமுத்து வீட்டு வேலைக்காரிக்கும் பின்னால்.

அது டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து மேலவீட்டுக்குப் போய், சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காத்தமுத்து நேராக எதிரில் நின்றுகொண்டு, பூசாரியைப் பார்த்து, "அந்தாளு கிட்டச் சொல்லுங்க, ஒன்னுங்கிறது மூத்த வீட்டுக்கு" என்றார். வெள்ளைக்கண்ணும் பூசாரியைப் பார்த்து, "அந்தாளு கிட்டச் சொல்லுங்க, இது எங்கப்பன் வீட்டுத் தட்டு இல்ல, கவர்மெண்டு ஃபைல்" என்றார். கடைசியில் ஒருத்தர் யோசித்து, தட்டுக்கு எப்படி முறையோ அப்படி நம்பருக்கும் முறை வைக்கலாம் என்றார், இன்றைக்கு மேலவீடு, நாளைக்கு நடுவீடு, அதற்கடுத்து கீழவீடு. இந்த ஊரில் இதற்கு முன் இவ்வளவு சீக்கிரம் எதுவும் முடிந்ததில்லை. வெள்ளைக்கண்ணு இரண்டு நாளும் சிரித்த முகமாக இருந்தார், தட்டுக்கு நடக்காத நியாயம் தூசிக்காவது நடக்கிறதே என்று.

நிலோஃபர் சாப்ட்வேரைத் திறந்து கோடு போட்டுப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒன்னாம் நம்பர் நேத்து மேலவீட்டு வாசல்ல நிக்கிது. இன்னைக்குச் சுவத்தைத் தாண்டி உங்க வாசல்ல நிக்கிது. இது எப்படிங்க?"

"முறைம்மா. இன்னைக்கு எங்க முறை."

"தூசிக்கா?"

"நம்பருக்கு. நாளைக்கு டீக்கடைக்குப் போயிரும்."

அவள் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நம்பர் எடத்துக்கு இல்லைங்கய்யா. ஒரு தூசிக்கு ஒரு தடவை குடுத்தா, கடைசி வரைக்கும் அது அதுக்குத்தான். மாத்திக்குடுத்தா, ஊர்ல இருக்கிற தூசியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா வீடு மாறிச்சுன்னு இது நினைச்சுக்கும்."

"ஒருத்தன் கையில குடுத்தா அவன் கையிலயே இருக்கும்ங்கிற?"

"ஆமாங்கய்யா."

"இந்த ரூல அந்தக் காத்தமுத்துதான் எழுதியிருப்பான்" என்றார் அவர்.

மறுபடி கூட்டம் போட்டார்கள். மாற்ற முடியாது என்றால் இப்போது தட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே ஒன்று என்று முடிந்தது. தவசி அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை, மூன்று என்று போட்டுக்கொண்டு போனான். ஆக, காத்தமுத்து ஒன்று, வெள்ளைக்கண்ணு இரண்டு. தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும், தன் விரலால், முதல் வரியில், தன் எதிரியின் தூசியைத் தட்ட வேண்டியிருந்தது வெள்ளைக்கண்ணுவுக்கு. ஒன்று கமா நேரம் கமா தூரம் கமா உயரம். வேலையை விட்டுவிடலாம் என்று அவர் பெண்டாட்டி இருளாயி சொன்னாள். விட்டால் வேறு யாராவது தட்டுவார்கள், அதைவிடத் தானே தட்டித் தினமும் ஒருதரம் மனம் கசந்துகொள்வதே நல்லது என்று அவர் இருந்துவிட்டார்.

அப்படி வெறுத்து வெறுத்துப் பார்த்த வரி என்பதால்தான் அது அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் நம்பர் வரியில் கடைசியில் இருக்கிற உயரம் தினமும் கிட்டத்தட்ட அதேதான். மூன்றாம் நம்பரும் அப்படியே. ஒன்றாம் நம்பரின் உயரம் மட்டும் ஒவ்வொரு நாளும் தேய்ந்துகொண்டிருந்தது. முதலில் தான் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து முந்தின ஃபைல்களை எடுத்துப் பார்த்தார். தப்பில்லை. கார்த்திகையில் ஆரம்பித்து, மார்கழியில், தையில், நெல்மணி கனம் நெல்மணி கனமாக, அது இறங்கிக்கொண்டேயிருந்தது.

ஊரில் எல்லார் தூசியையும் உற்றுப் பார்த்தும் அந்தப் பக்கம் மட்டும் திரும்பாதவர், அன்றைக்குத் தெருவில் போகும்போது காத்தமுத்துவை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். காதுக்கு ஒரு சாண் மேலே நின்ற தூசி காது மடலுக்குக் கீழே இருந்தது. காத்தமுத்து மஃப்ளர் சுற்றியிருந்தார், இருமினார், வெள்ளைக்கண்ணு பார்ப்பதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே காறித் துப்பினார். வெள்ளைக்கண்ணு தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாசிப் படைப்புக்கு ஊர் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்திருந்தது. கோயில் முன்னால் பந்தல்கால் நட்டார்கள். அப்போதுதான் ஒரு காலை, ஃபைலை உள்ளே விட்டதும் சிவப்புக் கட்டம் வந்தது. நிலோஃபர் வந்து பார்த்தாள்.

"ஒன்னாம் நம்பர்ல நிக்கிதுங்கய்யா. இது இறங்குது பாருங்க. இறங்குற தூசி சாதாரணத் தூசி, அதைத் தள்ளிவிடுறதுக்கு இதுல ஒரு அளவு வச்சிருக்கோம். அதுக்குக் கீழ போயிருச்சு." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எந்த வாசல் என்று தெரிந்தாலும் ஊர்க்காரர்கள் பெயர் அவளிடம் இல்லை, வெளியே தெரியக் கூடாதென்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், எந்த நம்பர் யார் என்பது வெள்ளைக்கண்ணு தலைக்குள் மட்டும் இருந்தது. "இது யாரோடதுங்கய்யா? ஆளு நல்லாத்தானே இருக்காங்க?"

வெள்ளைக்கண்ணு திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆளு யாரும் இல்லம்மா. அது சுவத்துத் தூசி. முதல்லயே தப்பா எடுத்துட்டேன்."

"அப்ப அந்த வரிகளை எல்லாம் எடுத்துருங்க. எல்லா நாளுலயும்."

அவர் எடுத்தார். ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, முதல் வரியில் கர்சரை வைத்து, அழித்தார். அழிக்க அழிக்க இரண்டாவது வரி மேலே ஏறி முதல் வரியாயிற்று. எல்லா ஃபைலிலும் இப்போது அவர்தான் முதலில் இருந்தார். உள்ளே விட்டதும் சிவப்புக் கட்டம் வரவில்லை, பாலில் சர்க்கரை கரைந்த மாதிரி ஃபைல் உள்ளே போனது, திரையில் ஊரின் தூசியெல்லாம் கோடு கோடாக அழகாக நின்றன, மேலவீட்டு வாசலில் காத்தமுத்து நிற்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"நல்லா வந்திருக்குங்கய்யா" என்றாள் நிலோஃபர்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் காத்தமுத்து இருமுகிற சத்தம் கேட்டது. இருளாயி குழம்பை ஊற்றிக்கொண்டே, "மேலவீட்டு அக்கா நேத்து அழுதுச்சு, மாமாவுக்கு ரெண்டு மாசமா இருமல் நிக்கலயாம், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாராம், படைப்பு முடியட்டும்ங்கிறாராம்" என்றாள். படைப்பு முடியும்வரை அந்த மனிதர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று வெள்ளைக்கண்ணுவுக்குத் தெரியாதா. தட்டு வாங்கத்தான். நீட்டின கையை மடக்காமல் சாகப் போகிறான். ஒன்று, இந்த வருசம் வாங்கிவிட்டுச் சாவான். இல்லை, வாங்குவதற்கு முன்னால் சாவான், வந்த தட்டைத் தீட்டு என்று திருப்பிக்கொண்டு போவார்கள், அடுத்த வருசம் தனக்கு வரும். வரும்போது பந்தலில் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். தான் புது வேட்டியில் நிற்கிறார், பூசாரி தட்டை நீட்டுகிறார், தான் வாங்குகிறார், வாங்கிவிட்டுத் திரும்பி, இத்தனை வருசமாக மனதில் வைத்திருந்த அந்த ஒரு பார்வையைப் பார்க்கத் திரும்புகிறார். அந்த இடம் காலியாக இருந்தது. திரையில் மேலவீட்டு வாசல் கோடு இல்லாமல் கிடந்த மாதிரி காலியாக.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். தெருவில் இறங்கி, மேலவீட்டு வாசல்படியில் ஏறி, உள்ளே பார்த்து, "மதினி" என்றார்.

காத்தமுத்துவின் பெண்டாட்டி பவுனு வந்து நின்றவள், கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே பார்த்தாள். "வாங்க தம்பி" என்றாள் கடைசியில்.

காத்தமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். தூசி அவர் தோள்பட்டைக்குச் சற்று மேலே நின்றது.

"மதினி, அந்தாளு தூசி இறங்கிக்கிட்டிருக்கு. கார்த்திகையில இருந்து இறங்குது. ஒண்டிவீரனுக்கு இறங்குன மாதிரி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பவுனு முறத்தைக் கீழே போட்டாள். காத்தமுத்து சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது.

"பவுனு, அந்தாளு கிட்டச் சொல்லு. நாளான்னைக்குப் படைப்பு. என்னைய மதுரைக்குப் பஸ் ஏத்திவிட்டுட்டு இங்க தட்ட வாங்கலாம்னு கணக்குப் போடுறான்."

"நான் கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

"நீ தட்டுன கம்ப்யூட்டர்தான. எனக்குக் கடைசி நம்பர் போட்டவன்தான நீ." இத்தனை வருசத்தில் முதன்முறையாகக் காத்தமுத்து அவரையே பார்த்துப் பேசினார், பேசியது அவருக்கே தெரியவில்லை. "செத்தாலும் தட்ட வாங்கிட்டுத்தான் சாவேன். போ."

வெள்ளைக்கண்ணு போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்தார். நியாயமான சந்தேகம்தான், தானாக இருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வர்றேன்" என்றார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. நீ இல்லாதப்ப நான் இங்க இருந்தாத்தான வாங்குவேன். நானும் உன் கூட வந்துட்டா?"

காத்தமுத்து அவரை உற்றுப் பார்த்தார். "எதுக்கு? எம்மேல என்ன பாசம்?"

"பாசமும் இல்ல, ஒன்னும் இல்ல. நீ செத்துப்போயி அதுக்கப்புறம் வர்ற தட்டு எனக்கு எதுக்கு? நீ உசுரோட அங்க நிக்கணும். உன் கண்ணு முன்னால நான் வாங்கணும். நீ அதப் பாத்துக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தான் இத்தனை வருசமா இருக்கேன். இடையில செத்துத் தப்பிச்சுப் போயிரலாம்னு பாக்குறியா?"

அந்தக் காரணம் காத்தமுத்துவுக்குப் புரிந்தது. பாசம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். "பவுனு, எடுத்துவை" என்றார்.

காலையில் பவுனுவும் சேர்ந்து மூன்று பேரும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். மூன்று பேர் தூசியும் நிழற்குடையில் நின்றுகொண்டது. கண்டக்டர் அன்றைக்குக் கேலி செய்யவில்லை, காத்தமுத்துவும் வெள்ளைக்கண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டிக்கெட் கிழிப்பதையே மறந்துவிட்டான். போகிற வழியில் வெள்ளைக்கண்ணு நிலோஃபருக்குப் போன் செய்து, ஒன்றாம் நம்பர் சுவர்த் தூசி இல்லை, ஆள் தூசி, அழித்த வரிகளையெல்லாம் திருப்பிப் போட வேண்டும் என்றார். பழைய ஃபைல் எல்லாம் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும், அந்த அளவைத் தான் தளர்த்திக்கொள்வதாகவும் அவள் சொன்னாள், ஆள் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டாள். "வாய் நல்லாத்தான் இருக்கு" என்றார் வெள்ளைக்கண்ணு.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள் பக்கவாட்டில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார்கள். விலாவில் குழாய் போட்டு நீரை எடுத்தார்கள். மறுநாள் பொழுது சாய்கிற நேரம் காத்தமுத்து வார்டுக் கட்டிலில், முகம் கொஞ்சம் தெளிந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கண்ணு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் கோயிலில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று தெரியும். பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒரு பேச்சும் இல்லை.

இருளாயி போன் செய்தாள்.

"படைப்பு முடிஞ்சிருச்சு" என்றாள்.

"தட்டு?"

"உங்க தம்பி தவசிக்குப் போயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் இல்லயேன்னு பூசாரி யோசிச்சாரு. அதுக்குள்ள தவசி பட்டுத்துண்டக் கட்டிக்கிட்டு வந்து முன்னால நின்னுட்டாரு. கடையைக் காலையிலேயே பூட்டிட்டாராம். வாங்கிட்டு, இனிமே கீழவீடுதான்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு."

வெள்ளைக்கண்ணு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார், அவள் வைத்த பிறகும்.

"என்னவாம்?" என்றார் காத்தமுத்து.

"தவசி வாங்கிட்டான். இனிமே கீழவீடுதானாம்."

காத்தமுத்து கஞ்சிக் கிண்ணத்தைப் பவுனு கையில் கொடுத்துவிட்டு, குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தவசியா? டீத்தூளக் காயவச்சுத் திருப்பிப் போடுறவன்."

"பட்டுத்துண்டு கட்டிட்டு வந்தானாம்."

"அது எங்க மக கல்யாணத்துக்கு எடுத்துக்குடுத்த துண்டு."

"அண்ணே, அன்னைக்கு நீ கைய நீட்டுனப்ப அவன் வாயத் தொறந்தானா? தொறக்கல. இந்த நம்பருக்குத் தொறந்தானா? தொறக்கல. நீயும் நானும் அடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும்னு டீ ஆத்திக்கிட்டே இருந்திருக்கான்."

"இத்தனை வருசமாவா?"

"இத்தனை வருசமாத்தான்."

காத்தமுத்து மூச்சு வாங்கினார், ஆனால் இருமல் வரவில்லை. "அடுத்த வருசம் நடுவீட்டு முறை" என்றார். "நான் உன் பக்கத்துல நிக்கிறேன். அவன் எப்படிக் கைய நீட்டுறான்னு பாப்போம்."

"இதச் சொல்ல உனக்கு நெஞ்சுல குழாய் போட வேண்டியிருக்கு" என்றார் வெள்ளைக்கண்ணு.

"பேசாத. அவன் கடையில ஒரு நாள் பால் திரிஞ்சு கிடந்துச்சு, அதையே வடிகட்டி…"

"அது பரவாயில்ல, என் கல்யாணத்துல அவன் என்ன பண்ணான் தெரியுமா?"

நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, கூட ஒருவர்தான் இருக்கலாம், மற்றவர் வெளியே போங்கள் என்றாள். பவுனு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானே வெளியே போனாள். வெள்ளைக்கண்ணு ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தவசியைப் பற்றி அவர் இன்னும் கால்வாசிகூடச் சொல்லி முடிக்கவில்லை.